வறுமை மட்டுமா?
சிறுவர் உழைப்பின் காரணங்கள் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

சிறுவர் உழைப்புக்குக் காரணம் என்ன என்று கேட்டால் எம்மவரிற் பெரும்பாலானோர் யோசிக்காமலே சொல்லும் விடை ஒன்றுண்டு: வறுமை. யாழ்ப்பாணத்தில் நான் வரலாறு கற்பித்த காலத்தில் மாணவரின் விடைத்தாள்களிலும் இதுவே இருக்கும். வறுமை, கல்வியறிவின்மை, மக்கள்தொகைப் பெருக்கம் என்று ஒன்று, இரண்டு, மூன்றாக எண்ணிட்டு எழுதுவார்கள். புள்ளியும் கிடைக்கும். இந்த விடை பொய்யல்ல. ஆனால் இது எந்தக் கேள்விக்குமான விடையுமல்ல. மழை பெய்தால் நனைவோம் என்பது உண்மைதான். ஆயினும் ஒரே மழையில் ஒருவர் நனைய இன்னொருவர் நனையாமல் இருப்பது ஏன் என்பதை அது விளக்காது.

வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரே அளவு வறுமையில் வாழ்ந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றின் பிள்ளை பாடசாலைக்கும் மற்றையதன் பிள்ளை வேலைக்கும் போனது ஏன்? ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரு பிரதேசத்தில் சிறுவர் உழைப்பு அருகிப்போக இன்னொரு பிரதேசத்தில் அது நிலைத்தது ஏன்? இக்கேள்விகளை மலையகத்திலும், சிவகாசியிலும், நாம் இன்று வாழும் இந்த மொன்றியல் நகரிலும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பிரட்டுக்களத்தின் கணக்கு

இலங்கைப் பெருந்தோட்டம் தனித்தனித் தொழிலாளரை வேலைக்கு எடுக்கவில்லை, குடும்பங்களை எடுத்தது. தென்னிந்தியக் கிராமத்திலிருந்து கங்காணியின் முற்பணத்தில் புறப்பட்ட குடும்பம் தோட்டத்தை அடையும்போதே கடனாளியாக இருந்தது. அந்தக் கடன் 'துண்டு' என்ற கடுதாசியில் எழுதப்பட்டது. கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை தொழிலாளியின் நடமாட்டத்தைத் தீர்மானித்தது இந்தக் கடுதாசியே. இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது தலைக்காசு. தன் கும்பலிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலைக்கு வரும் தலை ஒன்றுக்கு இத்தனை சதம் எனக் கங்காணிக்குத் தோட்டம் கொடுத்தது. ஆகவே லயத்தில் இருக்கும் எந்தத் தலையும், அது எத்தனை சிறிய தலையாயினும், பிரட்டுக்களத்துக்கு வருவதில் கங்காணிக்கு இலாபம் இருந்தது. கடனைக் குறைக்க வேண்டிய பெற்றோருக்கோ பிள்ளைக்கு ஒரு பேர் விழுவது, அரைப்பேர் என்றாலும், ஆறுதலாக இருந்தது.

அரசு இதற்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது என்றும் சொல்ல முடியாது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் தொழிலாளருக்குக் கிடைத்த பாதுகாப்பு என்றே எழுதப்படுகிறது. அது உண்மை. ஆனால் அச்சட்டத்தின்கீழ் நிர்ணயிக்கப்பட்ட சம்பளங்கள் ஆண், பெண், பிள்ளை என மூன்று வகைப்பட்டவை. 1929இல் உயர்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளை என்பது வயதைக் குறிக்கும் சொல்லாக இல்லாமல், சம்பளப் பதிவேட்டில் ஒரு தொழிலாளர் வகையைக் குறிக்கும் சொல்லாக அரச முத்திரையுடன் பதிவாயிற்று. பிள்ளையின் உழைப்பையும் சேர்த்தே ஒரு குடும்பம் சீவிக்கும் என்ற கணக்கு அங்கு இருந்தது. தகப்பனின் சம்பளம் குடும்பத்துக்குப் போதாமல் இருந்ததால் பிள்ளை வேலைக்குப் போனது என்கிறோம். பிள்ளையும் வேலைக்கு வரும் என்று தெரிந்தே தகப்பனின் சம்பளம் போதாததாக வைக்கப்பட்டது என்பதும் அதே அளவு உண்மை. வறுமை இங்கு காரணமாக இருக்கும்போதே விளைவாகவும் இருக்கிறது.

2. ஒரு நாடு, இரண்டு கல்விகள்

பாடசாலை எங்கே இருந்தது? 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. அதாவது பிள்ளையின் உழைப்பால் நன்மை அடைபவரிடமே பிள்ளையின் படிப்பும் கொடுக்கப்பட்டது. அந்தப் பாடசாலை பெரும்பாலும் ஒற்றை அறை, ஓர் ஆசிரியர், பல வேளைகளில் பிள்ளைமடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில். பத்து வயதில் சட்டத்தின் கடமை முடிந்தது. அதன்பின் இருந்தது பிரட்டுக்களம்.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி. எம்மிற் பலர் இந்த இதழை வாசிக்கவும் இதில் எழுதவும் முடிவது அதனால்தான். ஏழை விவசாயியின் பிள்ளையும் மீனவரின் பிள்ளையும் அந்தக் கதவால் உள்ளே போயினர். தோட்டப் பாடசாலைகளோ நடைமுறையில் அதற்கு வெளியே நின்றன. அவற்றை அரசு பரவலாகப் பொறுப்பேற்றது தோட்டங்கள் 1972இலும் 1975இலும் தேசியமயமாக்கப்பட்டதன் பின்னரே. முப்பது ஆண்டு இடைவெளி. ஒரு தலைமுறை முழுவதும்.

இந்த இடைவெளியை வறுமை விளக்காது. அதை விளக்குவது 1948. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களும் அவற்றைத் தொடர்ந்த வாக்குரிமைப் பறிப்பும் சேர்ந்து 1952 தேர்தலில் அந்த ஏழைப் பூச்சியமாக்கின. நாட்டின் மற்றைய பகுதிகளில் ஒரு கிராமத்துக்குப் பாடசாலை வேண்டுமென்றால் மக்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் போனார்கள். அவர் வாக்கை எண்ணினார், பாடசாலை வந்தது. இலங்கையின் கல்வி விரிவாக்கம் இப்படித்தான் நடந்தது. வாக்கில்லாதவரின் பிள்ளைக்குப் பாடசாலை கட்டி எந்த அரசியல்வாதிக்கும் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டபோது, எந்த நாட்டுக்குரியதென்று தெரியாத பிள்ளைக்கு எந்த நாடு பாடசாலை கட்டும்? சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் வெளியான தமது ஆங்கில நூலுக்கு 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். அந்தப் பிறப்பைத் தீர்மானித்தது விதியன்று. ஒரு சட்டத் தொகுதி.

3. யாழ்ப்பாணத்து வீடு

இனி எமது பக்கம் வருவோம். மேலே சொன்னவற்றை வெள்ளைத் துரையின் மீதும் சிங்களப் பேரினவாதத்தின் மீதும் சுமத்திவிட்டு நாம் எழுந்து போகலாம். ஆனால் தோட்டத்திலிருந்து வெளியேறிய பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எங்கே போனார்கள்? கொழும்புக்குப் போனார்கள், யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்கள். 1973-74 உணவு நெருக்கடியில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் அதிகரித்தபோது இந்த வருகையும் கூடியது. வைத்தியர், ஆசிரியர், எழுதுவினைஞர், சட்டத்தரணி வீடுகளில் எட்டு, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது அக்காலத்தை அறிந்த எவருக்கும் புதிய காட்சியல்ல. தன் வயதுப் பிள்ளையின் பாடசாலைப் பையைத் தூக்கிக்கொண்டு படலை வரை போய்த் திரும்பி வந்தவள் அவள். அந்த வீடு கல்வியின் மதிப்பை அறியாத வீடா? கல்விக்காகக் காணி விற்ற வீடு அது. யாழ்ப்பாணச் சமூகத்தைப் போலப் பாடசாலையைக் கொண்டாடிய சமூகங்கள் ஆசியாவிலேயே குறைவு.

ஆகவே 'கல்வியறிவின்மை' என்ற இரண்டாவது விடையும் இங்கே உடைகிறது. சிறுவரை வேலைக்கு வைத்தவர்கள் படித்தவர்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு பாகுபாடு: எங்கள் பிள்ளை, அவர்களின் பிள்ளை. எங்கள் பிள்ளை படிக்கப் பிறந்தது. அவர்களின் பிள்ளைக்குச் சாப்பாடும் உடுப்பும் கொடுப்பதே புண்ணியம். இந்தப் பாகுபாடு மலையகத்தாரைக் கண்ட பின் தோன்றியதும் அல்ல. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் வகுப்பறையில் மற்றவர்களுடன் சமமாக வாங்கில் உட்காரலாமா என்பதை யாழ்ப்பாணம் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பெரும் சர்ச்சையாகவே நடத்தியது. பாடசாலைகள் எரிந்தன. குடிமைத் தொழிலில் பிள்ளையின் வேலை பிறப்பிலேயே நிச்சயிக்கப்பட்டது என்று நம்பிய மனம், தோட்டத்துப் பிள்ளையை அதே அச்சில் வார்த்துக்கொண்டது.

மைரன் வீனர் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் இந்தியச் சிறுவரும் அரசும் பற்றி 1991இல் எழுதிய நூலில் இதையே மையமாக வைத்தார். இந்தியாவை விட வறிய நிலையில் இருந்த நாடுகள் பல தமது பிள்ளைகளைப் பாடசாலைக்குள் கொண்டுவந்துவிட்டன. இந்தியா அதைச் செய்யாததற்குக் காரணம் வருமானம் அல்ல, கையால் உழைப்பவரும் மூளையால் உழைப்பவரும் வேறு வேறு இனம் என்ற நடுத்தர வர்க்க நம்பிக்கையே என்பது அவரது வாதம். இதில் வர்க்க நலன் பற்றிய ஆய்வு போதாது என்பது எனது கருத்து. நம்பிக்கை ஆகாயத்தில் தொங்குவதில்லை. மலிவான உழைப்பு தேவைப்படும் இடத்தில்தான் அது உறுதியாக வேரூன்றும். ஆயினும் அவர் எழுப்பிய கேள்வியிலிருந்து நாம் தப்ப முடியாது.

4. சிவகாசி: முற்பணம், பீஸ் ரேட், வரி

நம்பிக்கையும் நலனும் ஒன்றையொன்று தாங்குவதைச் சிவகாசியில் தெளிவாகக் காணலாம். மழை பொய்க்கும் கரிசல் நிலம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். இயந்திரத்துடன் தொடங்கிய தொழில் விரைவில் கைத்தொழிலாக மாறியது; ஏனெனில் அந்த நிலத்தில் இயந்திரத்தை விடக் கை மலிவு. மரச்சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல் என வேலை சிறு சிறு கூறுகளாக உடைந்தது. எல்லாவற்றுக்கும் பீஸ் ரேட். இந்த முறையில் வேலை செய்பவரின் வயதை முதலாளி கேட்கத் தேவையில்லை. எண்ணிக்கையை மட்டும் கேட்டால் போதும். குறைந்த எண்ணிக்கை செய்யும் பிள்ளையால் அவருக்கு நட்டமில்லை. விடியுமுன் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற தொழிற்சாலை வண்டிகளும், பெற்றோருக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட பணமும் தோட்டத்துக் கங்காணி முறையின் தூரத்து உறவுகள். அந்தப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் சிறுமிகள். அவர்கள் கொண்டுவந்த கூலியில் தம்பிமார் படித்த வீடுகளும் உண்டு.

பிள்ளைகளின் விரல் மெல்லியது, இந்த வேலைக்கு அதுவே தேவை என்ற வாதத்தை நாமும் கேட்டிருக்கிறோம். கம்பளத் தொழிலில் இதே வாதத்தை 1990களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காகச் சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள் அது நிற்கவில்லை எனக் கண்டனர். பிள்ளையின் விரலில் முதலாளி தேடியது நுட்பத்தையல்ல, மலிவையும் பணிவையும்.

அரசின் பங்கு இங்கும் உண்டு. 1934 முதல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி இருந்தது. இயந்திரத் தொழிற்சாலைக்கு அதிக வரியும் கைத்தொழிலுக்குக் குறைந்த வரியும் என்ற கொள்கை சுதந்திர இந்தியாவிலும் தொடர்ந்தது. சுவீடன் கம்பனியின் விம்கோவிடமிருந்து உள்ளூர்க் குடிசைத் தொழிலைக் காப்பது என்பது நல்ல நோக்கமே. ஆனால் கைத்தொழில் என்ற பெயரில் யாருடைய கை காக்கப்பட்டது என்று டெல்லியில் எவரும் கேட்கவில்லை. 1986ஆம் ஆண்டின் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளிற் சிறுவரைத் தடை செய்தது. குடும்பத்தார் சேர்ந்து செய்யும் வேலைக்கோ விலக்களித்தது. பெட்டி ஒட்டும் வேலை தொழிற்சாலையிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு நகர அந்த ஒரு வாசல் போதும்.

நம்பிக்கையின் பக்கத்துக்கு 1953. சென்னை மாகாண முதலமைச்சர் ராஜாஜி, ஆரம்பப் பாடசாலை நேரத்தை மூன்று மணித்தியாலமாகக் குறைத்து, மிகுதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றார். குலக்கல்வித் திட்டம் என எதிர்க்கப்பட்ட அது 1954இல் கைவிடப்பட்டது, காமராசர் முதலமைச்சரானார். தகப்பனை இழந்து, படிப்பை நிறுத்தி மாமனின் துணிக்கடையில் நின்ற விருதுநகர்ப் பிள்ளை அவர். அவர் திறந்த பாடசாலைகளும் 1956இல் தொடங்கிய மதிய உணவும் தமிழ்நாட்டின் முகத்தை மாற்றின. இருந்தும் அவரது சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே, 1980களில்கூடப் பல்லாயிரம் பிள்ளைகள் தீப்பெட்டி வேலையில் இருந்தார்கள். பாடசாலையைத் திறந்து வைப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை. வேலைத்தளத்தின் கதவு திறந்திருக்கும்வரை பாடசாலையின் கதவு பாதியே திறந்திருக்கும்.

5. லஷீன் கால்வாய்க் கரை

இவையெல்லாம் எமது பண்பாட்டின் நோய், மேற்கு இதைக் கடந்துவிட்டது என்று நினைப்போர் எம்மிடையே உண்டு. அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை லஷீன் கால்வாய்க் கரையில் நடந்து பார்க்கலாம். இன்று விலையுயர்ந்த குடியிருப்புகளாகிவிட்ட அந்தச் செங்கல் ஆலைகளிலும், ஒஷலகாப் பருத்தி ஆலைகளிலும் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கனேடியத் தொழிலாளரின் பிள்ளைகள் வேலை செய்தார்கள். கியூபெக்கின் 1885ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆண் பிள்ளைக்கு 12 வயதையும் பெண் பிள்ளைக்கு 14 வயதையும் எல்லையாக வைத்தது. சில ஆண்டுகளிலேயே, 1886இல் அமைக்கப்பட்ட தொழில்-மூலதன உறவு பற்றிய அரச ஆணைக்குழுவின் முன், மொன்றியல் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பிள்ளைகள் அடிக்கப்பட்டதும் நிலவறையில் அடைக்கப்பட்டதும் சாட்சியமாக வந்தன. சட்டம் புத்தகத்தில் இருந்தது.

ஒன்ராறியோ 1871இல் கட்டாயக் கல்வியைச் சட்டமாக்கியது. கியூபெக் 1943இல், கொட்பு அரசின் காலத்தில். ஒரே கூட்டாட்சியில் எழுபத்திரண்டு ஆண்டு இடைவெளி! இரு மாகாணங்களின் வருமான வேறுபாடு இதை விளக்கப் போதாது. பிள்ளையின் மீது தகப்பனுக்குள்ள உரிமையில் அரசு தலையிடக்கூடாது என்று திருச்சபையினர் பலர் பல பத்தாண்டுகளாக வாதிட்டார்கள். மலிவான கைகளை விரும்பிய தொழிலதிபருக்கு அந்த இறையியல் இனித்தது. 1945 முதல் மத்திய அரசின் குடும்பக் கொடுப்பனவு வந்தது. பிள்ளை பாடசாலைக்குப் போக வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. கட்டாயமும் காசும் இரண்டும் சேர்ந்தபோதே தொழிலாளர் வீட்டின் கணக்கு மாறியது.

இன்னொரு செய்தி. வேலைக்கான குறைந்தபட்ச வயது பற்றிய 138ஆம் இலக்கச் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2000இல் ஏற்றது, இந்தியா 2017இல், எமக்கு மனித உரிமை கற்பிக்கும் கனடா 2016இல்தான். கியூபெக் 14 வயது என்ற பொது எல்லையை வைத்தது 2023இல். அதிலும் சிறிய குடும்ப நிறுவனத்தில் வேலை செய்யும் முதலாளியின் பிள்ளைக்கு விலக்கு உண்டு. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குக் குறைந்தோரை எல்லா வேலைகளிலும் தடை செய்தபோதும், பாடசாலை நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று விலக்களித்தது. இரண்டும் சமமானவையல்ல, இங்குள்ள கடைக்காரரின் மகனுக்கும் அங்குள்ள பீடி சுற்றுபவரின் மகளுக்கும் இடையே கடல் இருக்கிறது. ஆயினும் குடும்பம் என்ற சொல் நுழைந்ததும் தொழிற் பரிசோதகர் வாசலில் நின்றுவிடுகிறார் என்பது இரு இடத்துக்கும் பொது.

6. தடை, கூலி, கோரிக்கை

அப்படியானால் தடை செய்தால் போதுமா? 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டர் ஹார்க்கின் கொண்டுவந்த இறக்குமதித் தடைச் சட்டமூலத்தின் அச்சத்தில் வங்காளதேசத்து ஆடைத் தொழிற்சாலைகள் பல்லாயிரம் பிள்ளைகளை ஒரேயடியாக வெளியே அனுப்பின. அவர்களிற் பலர் பாடசாலைக்குப் போகவில்லை. கல்லுடைப்பு போன்ற இன்னும் மோசமான வேலைகளுக்குப் போனார்கள். அதன்பின்னரே, 1995இல், பிள்ளைகளுக்குப் பாடசாலையும் உதவித்தொகையும் என்ற உடன்பாடு வந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு இந்தப் படிப்பினைக்கு நெருக்கமானது: பிள்ளையொன்றுக்கு முதலாளி 20,000 ரூபா செலுத்த வேண்டும், குடும்பத்தில் வளர்ந்தவர் ஒருவருக்கு அரசு வேலை கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபா சேர்க்க வேண்டும். நடைமுறை எப்படியோ போகட்டும். பிள்ளையின் இடத்தை வளர்ந்தவரின் கூலியால் நிரப்ப வேண்டும் என்ற தர்க்கம் சரியானது.

ஆனால் நீதிமன்றமும் செனட்டரும் இல்லாமலே இதை விளங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் திருவிதாங்கூரில் அய்யங்காளியின் தலைமையில் புலையர் வயலில் இறங்க மறுத்தபோது, அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் முதன்மையானது தம் பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்க்க வேண்டும் என்பதே. நிலமற்ற, பட்டினி கிடந்த கூலிகள் அவர்கள். வறியவருக்குக் கல்வியின் அருமை தெரியாது என்போர் இந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கேரளம் பின்னாளில் இந்தியாவிலேயே சிறுவர் உழைப்புக் குறைந்த மாநிலங்களில் ஒன்றானதற்கு மன்னர்களின் கருணை மட்டும் காரணமல்ல.

7. இன்று

மலையகத்தில் இன்று கொழுந்து மலையில் பிள்ளைகளைக் காண்பது அரிது. சிவகாசியிலும் 1980களின் நிலை இல்லை. பாடசாலை, மதிய உணவு, சட்டம், தொழிற்சங்கம், இடப்பெயர்வு எல்லாம் இதில் பங்கெடுத்தன. ஆனால் உழைப்பு உருமாறியிருக்கிறது. வெளியில் தெரியும் மலையிலிருந்தும் ஆலையிலிருந்தும் அது வெளியில் தெரியாத சமையலறைக்குப் போனது. எட்டு வயதிலிருந்து பதினைந்து வயதுக்கு ஏறியது. 2021 யூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டில் வேலைக்கிருந்த நிலையில் தீக்காயங்களுடன் இறந்தாள். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் இலங்கையில் வேலைக்கான குறைந்தபட்ச வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டிருந்தது. அதே ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இச்செய்திகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும். தாயின் சம்பளம் ஒரு நாளுக்கு 1,000 ரூபா என்றிருக்கும் வீட்டுக்குத் தரகர் வருவார்; சட்டம் வராது. 2024இல் அது 1,350 ரூபாவாகியது; 2022 நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி என்னவாயிற்று என்பதை நான் இங்கு எழுத வேண்டியதில்லை.

உலகளவில் 2020இல் 160 மில்லியன் சிறுவர்கள் உழைப்பில் இருந்தனர் என்றும் 2024இல் அது 138 மில்லியன் என்றும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெப்பும் மதிப்பிட்டுள்ளன. குறைகிறது. ஆனால் தானாகக் குறைவதில்லை என்பதே மேற்கண்ட வரலாறு தரும் பாடம்.

நான் இப்போது ஒரு தொழிற்சாலையில் பொதியிடும் வரிசையில் நிற்பவன். ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை பெட்டி என்ற கணக்கு எனக்கும் உண்டு. என்னருகில் நிற்கும் எயிற்றி நாட்டவரும் பஞ்சாபியரும் இரண்டு வேலை செய்வதெல்லாம் பிள்ளைகள் படிப்பதற்காக. இங்கே பிள்ளையின் படிப்பு எம் உடலால் வாங்கப்படுகிறது. அதை வாங்க முடிவது, அந்தச் சம்பளத்தில் எப்படியோ ஒரு குடும்பம் ஓடுவதாலும் பாடசாலை இலவசமாகவும் கட்டாயமாகவும் இருப்பதாலும். எமது பெருந்தன்மையால் அல்ல. இதே ஏற்பாடு டயகமவிலும் இருந்தால் டயகமவின் தாயும் இதையே செய்வாள்.

புலம்பெயர்ந்தோரிடமிருந்து ஊருக்குப் பணம் போகிறது. கோயிலுக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் போகிறது. எங்கள் பாடசாலைக்குப் புதிய மாடிக் கட்டடம் எழும்புகிறது. 'எங்கள்' என்ற அந்தச் சொல்லுக்குள் தோட்டப் பாடசாலை எப்போது வரும்? கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நாம் போய்த் தங்கும் உறவினர் வீட்டில் தேநீர் கொண்டுவரும் பெண்ணின் வயதை நாம் கேட்போமா? தோட்டச் சம்பளப் போராட்டத்தைத் தேசியப் பிரச்சினைக்குப் புறம்பான 'பொருளாதாரவாதம்' என்று ஒதுக்கியவர்கள் இன்று என்ன சொல்வார்கள்? போர்க்காலத்துச் சிறுவர்கள் பற்றி நான் இங்கு எழுதவில்லை. அது தனியாகவும் நேர்மையாகவும் எழுதப்பட வேண்டியது. ஆனால் யாருடைய பிள்ளை என்ற கேள்வி அங்கும் எழும்.

இவை முடிந்த முடிபுகளல்ல. வறுமை காரணமல்ல என்று நான் வாதிடவும் இல்லை. வறுமையை யார் ஆக்கினார்கள், அதற்குள் யாருடைய பிள்ளையை விட்டார்கள், யாருடைய பிள்ளையை வெளியே எடுத்தார்கள் என்று கேட்காதவரை அது காரணத்தைச் சொல்லும் சொல்லல்ல, மறைக்கும் சொல் என்பதே என் வாதம். மலையகத்திலிருந்து வந்து இங்கு வாழும் நண்பர்கள் இதனை மறுத்தோ திருத்தியோ எழுதினால் விவாதம் பயனுறும்.